ராமநகரத்துப் பாசிமணி

ராமநகரம் என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு ஞாபகம் வருவது பட்டுக்கூடுச் சந்தை. சினிமா பார்ப்பவர்களுக்கு 'ஷோலே' படத்துப் பாறைகள். அந்த ஊருக்கு மூன்றாவதாக ஒரு கதை உண்டு. கொஞ்சம் கூச்சமான விஷயம்தான். இந்த வயதில் பேசாமல் எப்போது பேசுவது?

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாகவே ஏற்ற முதல் நாடு இந்தியா, வருடம் 1952. சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர், காந்தியிடம் பல வருடம் செயலாளராக இருந்தவர். கருத்தடைச் சாதனங்கள் அவருக்கு ஆகாது. நாள் பார்த்து விலகியிருக்கும் முறைக்கு மட்டும் சம்மதித்தார். உலக சுகாதார நிறுவனம் ஆபிரகாம் ஸ்டோன் என்ற அமெரிக்க டாக்டரை அனுப்பியது. சோதனைக்கு எடுத்துக்கொண்ட இடங்கள் டில்லி லோதி காலனியும் ராமநகரமும்.

எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு எப்படி நாள் கணக்குச் சொல்வது? பாசிமணி மாலை கொடுத்தார்கள். தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். பச்சை மணி பயமில்லாத நாள், சிவப்பு மணி விலகியிருக்க வேண்டிய நாள். திட்டம் தோற்றது. மாலையைப் போட்டுக்கொண்டாலே கர்ப்பம் தரிக்காது என்று பெண்கள் நம்பிவிட்டார்கள் என ஒரு கதையை இன்றைக்கும் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிப்பதில்லை. தப்பு மாலையில்தான் இருந்தது. முட்டை வெளிவருவது அடுத்த தீட்டுக்குச் சுமார் 14 நாள் முன்பு என்று 1924இல் ஜப்பானிய டாக்டர் ஒஜினோ எழுதினார். புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எங்களுக்குப் பத்திரிகைகளில் அடிபட்ட பெயர் அது. ஆனால் அடுத்த தீட்டு எப்போது வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும்? காய்ச்சல், கவலை, பிள்ளைக்குப் பால் கொடுப்பது, எல்லாமே கணக்கை மாற்றும். பாசிமணிக்கு அதெல்லாம் தெரியாது.

தெரிந்த பொருள் ஒன்று பெண்ணின் உடம்பிலேயே இருக்கிறது. கர்ப்பப்பை வாயில் சுரக்கும் சளி. இதன் முக்கியச் சரக்கு மியூசின் என்ற புரதம். சோமனூர், பல்லடம் பக்கம் தறி பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். சைசிங் மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றுகிறோம் அல்லவா? மியூசினில் நூல் புரதம், கஞ்சி சர்க்கரை. நீளமான புரத இழை நெடுகச் சர்க்கரைக் கிளைகள் பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி நிற்கும். அவை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். முட்டை வெளிவரும் நாளை ஒட்டி ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது இந்தச் சளியில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தெளிவாக, விரலிடுக்கில் இழுத்தால் நூலாக நீளும். விந்தணு உள்ளே போக அப்போதுதான் வழி. அங்கே சில நாள் உயிரோடும் இருக்கும். முட்டை வந்தபின் புரோஜெஸ்டிரோன் ஏற, சளி கெட்டியாகி வழி அடைபடும். கர்ப்பமானால் அதுவே பத்து மாதமும் கிருமி ஏறாமல் அடைப்பாக நிற்கிறது. பிரசவம் நெருங்கும்போது அந்த அடைப்பு கழன்று வருவதை நம் வீட்டுப் பெரியம்மாக்கள் அறிவார்கள். இதற்கு ஒன்றுவிட்ட உறவான புரோட்டியோகிளைக்கான்கள் முட்டையைச் சுற்றிய பசைக்கூட்டிலும் இருக்கின்றன. அதற்குள் போனால் கட்டுரை நீண்டுவிடும்.

1953இல் மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற நரம்பியல் டாக்டர், ஒரு பாதிரியார் கேட்டுக்கொண்டதால், இந்தச் சளியைப் பற்றிப் பெண்களிடமே விசாரிக்கத் தொடங்கினார். பின்னால் அவர் மனைவி ஈவ்லினும் சேர்ந்தார். பெண்ணிடம் பெண் கேட்டபோது விவரம் தெளிவாயிற்று. 1970களில் உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் இதைச் சோதித்தது. அதில் ஓர் ஊர் பெங்களூர். ராமநகரத்திலிருந்து 50 கிலோமீட்டர்தான்! படிக்காதவர்களும் கலந்த அந்தக் கூட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முதல் மாதத்திலேயே தங்கள் நாளை அடையாளம் கண்டார்கள். கருத்தடை என்று பார்த்தால் முடிவு சுமார்தான். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவர் கர்ப்பமானார். பெரும்பாலும் நாள் தெரிந்தும் விலகியிருக்காததால். அதற்குப் பெண்ணை மட்டும் கேட்டு என்ன பயன்?

பிரெஞ்சில் இந்தச் சளிக்கு 'கிளேர்' என்று பெயர். முட்டையின் பச்சை வெள்ளைக்கருவுக்கும் அதே சொல்தான். பள்ளியில் எனக்கு வெள்ளைக்கரு அர்த்தம் மட்டும்தான் தெரியும். அதனால்தான் 1976இல் காதில் விழுந்ததை நான் புரிந்துகொள்ளவில்லை.

நெருக்கடி நிலைக் காலம். திருப்பூர் அப்போது கோவை மாவட்டம். ஒரு அறுவைச் சிகிச்சை முகாமில் பெயர் எழுதும் வேலைக்கு என்னைப் போட்டிருந்தார்கள். பனியன் கம்பெனித் தொழிலாளி ஒருவரின் மனைவி நர்ஸிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு நாள் தெரியுமுங்க நர்ஸம்மா. முட்டை வெள்ளைக்கரு மாதிரி பட்டா நான் பிள்ளைங்க பக்கத்துல படுத்துக்குவேனுங்க." நர்ஸ் சிரித்தார். மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் சிரித்தேன். அன்றைக்கு இலக்கு பாக்கியிருந்தது. அவர் பெயரை எழுதிக்கொண்டோம்.

அட்டையில் பிள்ளைகளின் வயதையும் நான்தான் எழுதினேன். மூத்தது பதினொன்று, இளையது ஐந்து.