ரிலே வந்த வரலாறு

நெடுந்தொலைவு ஓடிய குதிரை களைத்துவிடும். ஆகவே ஐரோப்பியர் பெருவழிகளில் ஆங்காங்கே தங்கல்கள் அமைத்து, புதுக் குதிரைகளை ஆயத்தமாக நிறுத்தி வைத்தனர். அவ்வாறு மாற்றிக்கொள்ளும் குதிரைகளை ‘ரிலே’ என்றனர். (அதற்கும் முன்னர் வேட்டை நாய்களுக்கு வழங்கிய பெயர் அது.) இம்முறை நம்மவர்க்கும் புதிதன்று. தமிழகத்தின் தென்கோடியையும் உள்ளிட்டிருந்த திருவிதாங்கூரில், மணி கட்டிய கோலுடன் அஞ்சற்காரர் ஓடினர். ஒரு நிலையத்தின் நிகழ்ச்சியை மற்றொரு வானொலி நிலையம் வாங்கி ஒலிபரப்புவதை ‘அஞ்சல் செய்தல்’ என்று தமிழில் வழங்குவதும் இக்கருத்துப் பற்றியே.

மின்சாரத்துக்கும் இக்களைப்பு உண்டு. தந்திக் கம்பி நீள நீள அதன் தடை மிகும். மறுகோடியை அடையும் மின்னோட்டம் மெலிந்து, கருவியை அசைக்கும் வலுவின்றிப் போகும். 1830-களில் தந்தி அமைக்க முயன்றோர் பலரும் இவ்விடத்திலேயே இடறினர்.

வழி கண்டவர் ஓர் ஆசிரியர். அமெரிக்காவில் பிரின்ஸ்டன் நகரில் இருந்த நியூ ஜெர்சிக் கல்லூரியில் கற்பித்த ஜோசப் ஹென்றி, 1835-ஆம் ஆண்டளவில் தம் மாணவர்க்கு ஒரு சோதனை செய்து காட்டினார். பெரிய மின்காந்தம் ஒன்று பாரமான எடையைத் தாங்கி நிற்கும். நீண்ட கம்பி வழியே வரும் மெல்லிய மின்னோட்டம் சிறு காந்தம் ஒன்றைத் தூண்டும். அச்சிறு காந்தம் பெரிய காந்தத்தின் மின்சுற்றைத் துண்டிக்கும்; எடை தடாலென்று விழும். பாரத்தைத் தாங்கிய ஆற்றல் அருகிலிருந்த மின்கலத்தினுடையது. தொலைவிலிருந்து வந்தது ஆணை மட்டுமே. ரிலேயின் உயிர் இதுதான்.

ஹென்றி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. 1837-இல் லண்டன் சென்றபோது வீட்ஸ்டனிடம் தம் முறையை ஒளிவின்றி எடுத்துரைத்தார். எட்வர்டு டேவி என்னும் ஆங்கிலேயர் தாமாகவே இதனையொத்த அமைப்பைக் கண்டு, 1838-இல் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறி, பின்னாளில் மருத்துவத் தொழில் செய்து, 1885-இல் அங்கேயே மறைந்தார்.

இவ்விருவரையும் விடுத்து, புகழ் முழுவதையும் மோர்சுக்கே சூட்டும் நூல்கள் உண்டு. தந்தியை நாட்டு வழக்கில் கொணர்ந்த பெருமை மோர்சினுடையது. அதனை யாரும் மறுக்கார். ஆயினும், ஹென்றிக்குத் தாம் ஒன்றும் கடன்பட்டவரல்லர் என்று 1855-இல் அவர் அச்சிட்டு வெளியிட்டது முறையன்று. ஸ்மித்சோனியன் நிறுவனக் குழுவொன்று ஆராய்ந்து ஹென்றியின் பக்கமே தீர்ப்புரைத்தது. அப்போது அந்நிறுவனத்தின் செயலாளர் ஹென்றியே என்பதையும் நாம் மறைத்தல் கூடாது.

இன்றைய ரிலேயிலும் அமைப்பு அதுவே. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தகடு இழுபட்டு, ஒரு தொடுமுனையை விட்டு மற்றொன்றைத் தொடும். மின்சாரம் நின்றால் வில்சுருள் அதனைப் பழைய நிலைக்கு மீட்கும்.

தொழிற்சாலைகளில் ரிலே பெரும்பாலும் ஒரு சாக்கெட்டில் செருகப்பட்டிருக்கும். கம்பிகளெல்லாம் சாக்கெட்டில் முடுக்கப்பட்டிருத்தலால், பழுதான ரிலேயைப் பிடுங்கிப் புதியதைச் செருகிவிடலாம். வட்டமாக எட்டு ஊசிகளும் நடுவில் ஒரு தண்டும் உடைய வகை, 1935-இல் வானொலி வால்வுகளுக்கென வந்த அடிப்பாகத்திலிருந்து பிறந்தது. வானொலிப் பெட்டியை விட்டு வால்வு அகன்றுவிட்டது. அதன் இருக்கை ரிலேயிடம் தங்கிவிட்டது. தண்டிலுள்ள புடைப்பு சாக்கெட்டின் பள்ளத்தில் பொருந்தினாலன்றி ரிலே உள்ளே இறங்காது. எட்டு ஊசி வகையில் வழக்கமாக 2, 7 ஆகிய எண்களும், பதினோர் ஊசி வகையில் 2, 10 ஆகிய எண்களும் கம்பிச்சுருளுக்கு உரியவை.