சுருள்கம்பிக்குள் ஒரு தேவாலயம்



சென்ற வாரம் ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது. கேட்டது என் பழைய மாணவர் ஒருவரின் மகள். தேவாலயப் பாடகர் குழுவில் எலெக்ட்ரிக் கிதார் வாசிக்கிற பெண். "சார், கையில் இருக்கிற பணத்துக்கு ஒரு பெடல்தான் வாங்க முடியும். ஸ்பிரிங் ரிவெர்ப் வாங்கு என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?" இயற்பியல் வாத்தியாரிடம் கேட்கும் கேள்வியா இது என்று நீங்கள் நினைக்கலாம். இது ஒலியியல் பாடம்தான். பாதி வரலாற்றுப் பாடமும்கூட. ஒரு பொருள் எந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தது என்று தெரிந்தால், அது நமக்கு வேண்டுமா என்பதும் தெரிந்துவிடும். அதனால் பதிலைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் ஒன்பதாம் வகுப்புக்குப் போவோம். எதிரொலி வேறு, எதிர்முழக்கம் வேறு. பகோடா பாயின்ட்டில் நின்று "ஓ" என்று கத்துகிறோம். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். எதிரே 170 மீட்டர் தூரத்தில் பாறை இருந்தால், நம் குரல் ஒரு நொடி கழித்துத் தனியாகத் திரும்பி வரும். அது எதிரொலி. மூலக் குரலும் திரும்பிய குரலும் தனித்தனியாகக் கேட்க நொடியில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும். அதாவது பாறை குறைந்தது 17 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

கல் தேவாலயத்துக்குள் அதே குரல் சுவர், கூரை, தரை என்று நூறு இடங்களில் மோதித் திரும்புகிறது. எதையும் தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. பாடி நிறுத்திய பிறகும் ஒலி இரண்டு மூன்று நொடி மிதந்து, தேய்ந்து, மறையும். அது எதிர்முழக்கம். ஆங்கிலத்தில் ரிவெர்பெரேஷன். இசைக்காரர்கள் சுருக்கி ரிவெர்ப் என்பார்கள்.

இனி வரலாறு. இந்தச் சுருள்கம்பி இசைக்காக வந்ததே அல்ல. தொலைபேசிக்காக வந்தது. நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியில் பேச்சு தாமதமாகப் போய்ச் சேரும். அந்தத் தாமதத்தை ஆய்வகத்துக்குள்ளேயே உண்டாக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. பல நூறு மைல் கம்பியை மேசைமேல் வைக்க முடியுமா? அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆர்.எல். வேகல், அதிர்வைச் சுருள்கம்பி வழியாக அனுப்பித் தாமதப்படுத்தும் கருவியை வடிவமைத்தார். அதற்கான காப்புரிமை 1932இல் வந்தது. கம்பியைச் சுருட்டிவிட்டால் சிறிய நீளத்துக்குள் பெரிய பயணம் அடங்கிவிடுகிறது. நம் மலைச்சாலையும் அப்படித்தானே? 20 கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு?

அடுத்து வருகிறவர் லாரன்ஸ் ஹாமண்ட். மின்கடிகாரம் செய்து பிழைத்தவர். 1935இல் ஹாமண்ட் ஆர்கனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தேவாலயங்கள் வாங்கின, வீடுகளும் வாங்கின. வீட்டில்தான் சிக்கல். கம்பளம், திரைச்சீலை, மெத்தை நாற்காலி எல்லாம் ஒலியை விழுங்கிவிடும். விசையிலிருந்து விரலை எடுத்ததும் நாதம் வெட்டினாற்போல் நிற்கும். ஆர்கன் இசை என்றால் மக்கள் காதில் இருந்தது கல் கட்டடத்தின் முழக்கம். அது இல்லாமல் சப்பென்று இருந்தது.

ஹாமண்ட், பெல் ஆய்வகத்தின் சுருள்கம்பி யோசனையை எடுத்துக்கொண்டார். அவருடைய முதல் கருவி ஏறக்குறைய நான்கடி உயரம். சுருள்கம்பிகளில் சில, எண்ணெய் ஊற்றிய குழாய்களுக்குள் தொங்கின. 1960 வாக்கில் அவருடைய பொறியாளர்கள் அதை ஒரு சிறிய தகரப் பெட்டிக்குள் அடக்கினார்கள். பெட்டியின் நீளம் சுமார் 17 அங்குலம். இன்றைக்கும் பெரிய ஆம்ப்ளிஃபயர்களில் இருப்பது அந்த வடிவம்தான்.

அது வேலை செய்யும் விதத்தையும் பார்த்துவிடுவோம். ஒரு முனையில் கம்பிச்சுருளும் சிறு காந்தமும் இருக்கும். கிதாரின் மின்னோட்டம் வந்ததும் காந்தம் சுருள்கம்பியை முறுக்கும். முறுக்கு அலையாகக் கம்பி வழியே ஓடும். மறுமுனையில் இன்னொரு காந்தமும் கம்பிச்சுருளும் அதைத் திரும்ப மின்சாரமாக்கும். இரண்டு கம்பி உள்ள வழக்கமான பெட்டியில் ஒன்றின் தாமதம் சுமார் 33 மில்லிநொடி, மற்றொன்றின் தாமதம் 41 மில்லிநொடி. ஏன் வேறு வேறு? இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒரே தாளத்தில் "டக் டக்" என்று கேட்கும். வேறாக இருந்தால் ஒன்றோடொன்று கலந்து முழக்கமாகும். அலை முனைக்கு முனை மோதித் திரும்பிக்கொண்டே இருப்பதால் நாதம் இரண்டு மூன்று நொடி நீளும்.

இதில் ஒரு வேடிக்கை. கம்பியில் எல்லா அதிர்வும் ஒரே வேகத்தில் போவதில்லை. தாழ்ந்த சுருதி முந்தும், உயர்ந்த சுருதி பின்தங்கும். அதனால் ஒரு சிறு தட்டல்கூட மறுமுனையில் "ப்யூங்" என்று சொட்டு விழுவதுபோல் வரும். எந்தத் தேவாலயத்திலும் அந்தச் சத்தம் கிடையாது. பொறியாளர் கண்ணுக்கு அது குறை. கிதார்க்காரர்கள் அந்தக் குறையைத்தான் காதலித்தார்கள்.

1961இல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஆம்பெக் நிறுவனம் ரிவெர்பை ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே வைத்து விற்றது. லியோ ஃபெண்டர், ஹாமண்டின் சுருள்கம்பிப் பெட்டியை வாங்கித் தனி வால்வுப் பெட்டியாகக் கொண்டுவந்தார். டிக் டேல் முதலில் அதைத் தன் பாட்டுக் குரலுக்காகத்தான் விரும்பியதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு கிதாரை அதில் செருகினார்கள். கலிஃபோர்னியாக் கடற்கரையில் சர்ஃப் இசையின் அடையாளமே அந்தச் "சொட்டு" ஒலிதான் என்றாகிவிட்டது. 1963இல் ஃபெண்டரும் ரிவெர்பைத் தன் ஆம்ப்ளிஃபயருக்குள் வைத்தார்.

அதே காலத்தில் நம் மலையடிவாரத்தில் என்ன நடந்தது? சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. லீட்ஸில் படித்துத் திரும்பிய டி.ஆர். சுந்தரம் கட்டிய ஸ்டூடியோ அது. 1937இல் 'சதி அகல்யா', 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்', 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்'. நூறு படங்களுக்கு மேல் எடுத்த இடம். 1960களில் ஜேம்ஸ்பாண்ட் காற்று இங்கும் வீசியது. 'இரு வல்லவர்கள்', 'வல்லவன் ஒருவன்' (இரண்டும் 1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடினார். இசை வேதா. மேல்நாட்டுப் பாணி கிதாரை அந்தப் படங்களில் நீங்கள் தாராளமாகக் கேட்கலாம். உங்களில் பலருக்கும் எலெக்ட்ரிக் கிதாரை அறிமுகம் செய்தது பண்டிகை நாள் ஒலிபெருக்கியில் ஓடிய இந்தப் பாட்டுகள்தான்.

ஸ்டூடியோக்காரர்களின் சிக்கலும் ஹாமண்டின் சிக்கலும் ஒன்றுதான். ஒலிப்பதிவு அறையில் சுவரெல்லாம் ஒலியை உறிஞ்சும் பொருளைப் பதிப்பார்கள். பதிவு தெளிவாக வரும், ஆனால் காய்ந்துபோய் இருக்கும். முழக்கத்தைப் பிறகு சேர்க்க வேண்டும். காலி அறையில் ஒலிபெருக்கியை வைத்து, வந்து மோதும் ஒலியை மைக்கில் பிடிப்பது உலகெங்கும் பழைய வழி. 1947இல் பில் புட்னம் என்ற அமெரிக்க ஒலிப்பதிவாளர் குளியலறையையே அதற்குப் பயன்படுத்தினார். ஹாலிவுட்டின் கேபிடல் நிறுவனம் 1956இல் கட்டடத்துக்கு அடியில் தனி அறைகளே கட்டியது. அறை கட்ட வசதியுள்ளவன் அறை கட்டினான். தோளில் கிதாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவனுக்கு ஃபெண்டரின் பெட்டி கிடைத்தது.

ஆக, ஸ்பிரிங் ரிவெர்ப் என்பது கல் தேவாலயம் இல்லாதவனுக்காகச் செய்த தேவாலயம். இதை மனதில் வைத்தால் அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடை எளிது.

முதல் விஷயம், வாசிக்கிற இடம். ஏற்காட்டின் பழைய கல் தேவாலயத்தில் வாசிக்கும்போது கட்டடமே ரிவெர்ப் தருகிறது. அதன்மேல் பெடலையும் திறந்தால் பாட்டின் சொல் குழம்பும். பாடகர் குழுவில் சொல்தான் முக்கியம். அங்கே பெடலை அணைத்து வை, அல்லது துளி மட்டும் வை. வீட்டில் பயிற்சி செய்யவும், போனில் பதிவு செய்யவும், திறந்தவெளி மேடைக்கும்தான் இது தேவை. வாரத்தில் அந்த வாசிப்பு எத்தனை மணி நேரம் என்று முதலில் கணக்குப் போடு. தேவாலயத்தில் மட்டும்தான் வாசிப்பாய் என்றால் பணத்தைப் பத்திரமாக வை.

இரண்டாவது, எந்த வருஷத்து ஒலி வேண்டும்? 1961 பெட்டியில் மூன்று திருகுகள்: ட்வெல், மிக்ஸர், டோன். ட்வெல் என்பது சுருள்கம்பியை எவ்வளவு பலமாக முறுக்குவது என்பது. 1963க்குப் பிந்தைய ஆம்ப்ளிஃபயர்களில் ஒரே திருகு, அடக்கமான முழக்கம். இன்றைய பெடல்களும் இந்த இரண்டு வழியில் ஒன்றைப் பின்பற்றுகின்றன. பாஸ் எஃப்.ஆர்.வி.-1 பெடலில் அந்த மூன்று திருகும் இருக்கும். சொட்டு ஒலி வேண்டுமென்றால் அந்த வகை. பாடலுக்குப் பின்னால் மெல்ல நிற்க வேண்டுமென்றால் ஒரு திருகு போதும்.

மூன்றாவது, உள்ளே உண்மையான கம்பி இருக்கிறதா? 17 அங்குலப் பெட்டி காலடிப் பெடலுக்குள் நுழையாது. டேன்எலெக்ட்ரோவின் ஸ்பிரிங் கிங் போன்ற சிலவற்றில் குட்டைக் கம்பி இருந்தது. மற்றவை பெரும்பாலும் கணக்குப் போட்டு ஒலியை உண்டாக்கும் டிஜிட்டல் வகை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உண்மைக் கம்பி தரையின் அதிர்வையும் வாங்கும். பக்கத்தில் யாராவது தொம்மென்று குதித்தால் இடி இடிக்கும். பலகைத் தளம் போட்ட மேடைக்கு டிஜிட்டலே நல்லது.

நான்காவது, கடையில் சோதிக்கும் முறை. நீளமாக வாசித்துக் காட்டாதே. இடது கையால் தந்திகளை அமுக்கி, வலது கையால் ஒரு தட்டுத் தட்டு. பெடலின் குணம் முழுக்க அந்த ஒரு தட்டில் தெரியும். பிறகு ஒரு சுரம் வாசித்து நிறுத்து. வால் சீராகத் தேய்கிறதா, உலோகம் உரசுவதுபோல் கரகரக்கிறதா என்று கேள்.

கடைசியாக மின்சாரம். டிஜிட்டல் ரிவெர்ப் பெடல்கள் பல 9 வோல்ட் பாட்டரியைச் சீக்கிரம் தின்றுவிடும். அடாப்டருக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கு. அதன் முனைக் குறியும் மில்லிஆம்பியர் அளவும் பெடலில் அச்சிட்டதோடு பொருந்த வேண்டும். சித்திரை மாதம் மலையில் இடி இறங்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடு. இதை வகுப்பிலும் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உங்கள் எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். மாடர்ன் தியேட்டர்ஸின் நடிகர்களைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். ஒலிப்பதிவு அறையில் மைக் பிடித்தவர்கள், கம்பி இழுத்தவர்கள், திருகு திருப்பியவர்கள் பற்றி எழுதியவர்கள் குறைவு. அவர்களில் பலர் சேலத்தையும் கன்னங்குறிச்சியையும் சுற்றி வாழ்ந்தவர்கள். உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ அங்கே வேலை பார்த்திருந்தால், வேதாவின் கிதாருக்கு அந்த முழக்கத்தை எப்படிச் சேர்த்தார்கள் என்று கேளுங்கள். உயிரோடு இருப்பவர்கள் எண்பதைத் தாண்டியிருப்பார்கள். ஒரு சுரம் தேய்வதற்குள் கேட்டு எழுதிவிடுங்கள்.