பார்பரெஸ்கோவின் கூட்டுறவு ஒயின் ஆலை

இத்தாலியின் பியெட்மாண்ட் பகுதியில், லாங்கே குன்றுகளின் மேல் அமைந்த சிற்றூர் பார்பரெஸ்கோ. இங்கு விளையும் நெபியோலோ திராட்சை தாமதமாகப் பழுக்கும்; அறுவடை பெரும்பாலும் அக்டோபரில்தான். அதனால் வெயில் நன்கு படும் தெற்குச் சரிவுகளை உழவர்கள் அதற்கென ஒதுக்கினர்.

19ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இந்தப் பழம் பெரும்பாலும் பரோலோ ஒயினுக்கே விலைபோனது. 1894இல் ஆல்பா ஒயின் கல்விப்பள்ளியின் தலைவர் டொமிட்ஸியோ கவாத்ஸா, ஒன்பது உழவர்களைச் சேர்த்துக் கூட்டுறவு ஆலை தொடங்கினார். ஒயினுக்கு ஊரின் பெயரே நிலைத்தது.

பாசிச ஆட்சிக் காலத்தில், 1920களில் ஆலை மூடப்பட்டது. 1958இல் ஊர்ப் பாதிரியார் 19 சிறு உழவர்களைத் திரட்டி அதற்கு மீண்டும் உயிர்கொடுத்தார். முதல் மூன்று ஆண்டுகளின் ஒயின் தேவாலயத்தின் நிலவறையில் தயாரானது. இன்றும் ஆலை நெபியோலோவை மட்டுமே பயன்படுத்துகிறது. சிறந்த ஆண்டுகளில் ஒன்பது தோட்டங்களின் ஒயினைத் தனித்தனியே புட்டியில் அடைக்கிறது.