இரட்டைப் பிறப்பும் அதன் கணக்கும்

பெங்களூரில் குடியேறிய தமிழராகிய நாம், அல்சூரிலும் சிவாஜிநகரிலும் கன்னடத்தாரோடு அடுத்தடுத்த வீடுகளில் வாழ்ந்து வருகிறோம். நாம் 'இரட்டை' என்று வழங்குவதை அவர்கள் 'அவளி ஜவளி' என்பர். சொல் வேறாயினும் வியப்பு ஒன்றே. ஒரு வீட்டில் இரட்டைக் குழந்தைகள் பிறந்தால், தாய் ஒட்டுப் பழம் தின்றதால் வந்தது என்பார் ஒருவர். அவள் குடும்ப வழி என்பார் மற்றொருவர். இவற்றுள் எது உண்மை என்பதை மனிதர் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது.

நம் நாட்டுப் பண்டை மருத்துவர் இதனை ஆராயாமல் விடவில்லை. வித்தினை உள்ளிருக்கும் வாயு இரண்டாகப் பிளப்பதால் இரட்டையர் தோன்றுவர் என்பது சுசுருத சங்கிதையின் கொள்கை. வாயுவைக் காரணமாக இன்று எவரும் கொள்வதில்லை. ஆயினும், ஒன்று இரண்டாகப் பிரியும் என்ற கருத்து இரட்டையருள் ஒரு சாராருக்குப் பொருந்துவதே.

எண்ணிப் பார்க்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டில் வளர்ந்தது. ஏறத்தாழ 89 பிரசவங்களுக்கு ஒன்று இரட்டை என்று 1895ஆம் ஆண்டில் ஹெலின் என்னும் மருத்துவர் ஒரு விதி கூறினார். 1901இல் ஜெர்மனியின் வைன்பர்க் மற்றொரு வழி கண்டார். ஒரே கரு பிரிந்து உண்டான ஒற்றைக்கரு இரட்டையர் இருவரும் ஆணாகவோ இருவரும் பெண்ணாகவோ இருப்பர். இரு கருக்களில் உண்டான இரட்டையரிலோ, ஏறக்குறையப் பாதி இணைகள் ஆணும் பெண்ணுமாக அமையும். ஆகவே ஆண்-பெண் இணைகளை எண்ணி இருமடங்காக்கினால் இருகரு இரட்டையரின் தொகை கிடைக்கும்; எஞ்சியவர் ஒற்றைக்கரு இரட்டையர்.

இக்கணக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்கிற்று. ஒற்றைக்கரு இரட்டையர் உலகெங்கும் ஆயிரம் பிரசவங்களுக்குச் சுமார் நான்கு என்ற அளவிலேயே உள்ளனர். நாட்டுக்கு நாடு மாறுவது இருகரு இரட்டையரின் தொகையே. நைஜீரியாவின் யோருபா மக்களிடையே ஆயிரத்துக்கு நாற்பதுக்கு மேல் இரட்டைப் பிரசவங்கள் காணப்பட்டன. அங்கே முதலில் பிறந்தவருக்குத் தைவோ என்றும், அடுத்தவருக்குக் கெஹிந்தே என்றும் பெயரிடுவது வழக்கம். நாமும் இராமன், இலட்சுமணன் என்று பெயரிடுகிறோம் அல்லவா? இந்தியாவிலோ இரட்டைப் பிரசவங்கள் ஆயிரத்துக்கு ஒன்பதளவே. ஆயினும் கேரளத்து மலப்புரம் மாவட்டத்தில் கொடிஞ்ஞி என்னும் ஊரில், சுமார் இரண்டாயிரம் குடும்பங்களிடையே, 2008இலேயே இருநூறுக்கு மேற்பட்ட இணைகள் இருந்தன. காரணம் தேடி ஆராய்ச்சியாளர் பலர் அங்குச் சென்றும், ஐயமற விளக்கம் கிட்டவில்லை.

பொதுவான காரணங்கள் தெரிந்தவையே. தாயின் வயது முப்பத்தைந்தை நெருங்கும்போது, கருமுட்டையைத் தூண்டும் சுரப்பு மிகுந்து, ஒரே மாதத்தில் இரு முட்டைகள் வெளிப்படக்கூடும். முன்பு பல பிள்ளைகளைப் பெற்றவர்க்கும், உயரமான உடலமைப்புடையார்க்கும் வாய்ப்புச் சற்று அதிகம். குடும்ப வழியும் உண்மையே. 2016இல் அதனோடு தொடர்புடைய இரு மரபணுக்களை அறிஞர் கண்டறிந்தனர். அம்மரபணுவைத் தந்தையும் தன் மகளுக்கு அளிக்கலாம்; அதன் பயனோ அவள் பிரசவத்தில்தான் தெரியும். ஒட்டுப் பழத்துக்கு இதில் பங்கே இல்லை.

அண்மைக் காலத்தில் மருத்துவமும் ஒரு காரணமாயிற்று. 1978இல் சோதனைக் குழாய் முறையில் முதற் குழந்தை இங்கிலாந்திலும், அவ்வாண்டே கல்கத்தாவிலும் பிறந்தது. ஒன்றுக்கு மேற்பட்ட கருக்களைக் கருப்பையில் வைக்கும் வழக்கத்தாலும், முட்டையைத் தூண்டும் மருந்துகளாலும், பெண்கள் காலந்தாழ்த்திக் கருவுறுவதாலும் இரட்டையர் பெருகினர். 1980களின் தொடக்கத்தில் ஆயிரத்துக்கு ஒன்பதாக இருந்த உலக அளவு, 2010-15இல் பன்னிரண்டாயிற்று என 2021இல் வெளிவந்த ஆய்வு காட்டுகிறது.

இவற்றை நாம் அறிவதால் பயன் என்ன? இரட்டைப் பேறு அதிர்ஷ்டமும் அன்று, சாபமும் அன்று; மருமகளின் குற்றமும் அன்று. ஆயினும் அது கவனம் வேண்டும் பேறு. இரட்டையருள் பாதிக்கு மேற்பட்டோர் நாள் நிறையாமலே பிறக்கின்றனர். தாய்க்கும் இரத்தக்கொதிப்பு, சோகை முதலியன எளிதில் வரும். ஊரில் தாய்வீடு இருந்தால் அனுபவமிக்க மூதாட்டியர் துணை நிற்பர். ஊர்விட்டு வந்த நமக்கு அத்துணை எட்டாத் தொலைவில் உள்ளது. ஆகையால் கருவுற்றதை அறிந்தவுடனே அருகிலுள்ள சுகாதார நிலையத்தில் பதிந்து, தாயி கார்டு பெற்று, தக்க காலத்தில் ஸ்கேன் பரிசோதனை செய்துகொள்ளல் வேண்டும். 1935இல் தோன்றிய வாணி விலாஸ் மருத்துவமனை போன்ற அரசு நிலையங்கள் இந்நகரில் உள்ளன. தொட்டில் இரண்டு வேண்டும் என்பதை முன்னரே அறிந்த குடும்பம், தாயையும் காத்துக்கொள்ளும்.