முக்கொம்புக் கரையில் ஒரு சமூக அறிவியல் வகுப்பு

"சோஷியல் சயின்ஸா? அது மனப்பாடம் பண்ற சப்ஜெக்ட்டுப்பா. பரீட்சைக்கு முந்தின நாள் பார்த்துக்கலாம்."

பள்ளியில் படிக்கும்போது நம்மில் பெரும்பாலோர் இதைச் சொல்லியிருப்போம். இன்று நம் பிள்ளைகள் நம்மிடமே சொல்கிறார்கள். கணக்குக்கு டியூஷன் உண்டு, இயற்பியலுக்கு உண்டு, வேதியியலுக்கும் உண்டு. வரலாற்றுக்கு யார் டியூஷன் வைக்கிறார்கள்? பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மார்க்கில் அது வருவதே இல்லையே! பத்தாம் வகுப்போடு அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவர்கள்தான் நாம்.

நான் வரலாற்று ஆசிரியன் அல்லன். நம் கல்லூரியின் சிவில் பிரிவில் படித்து வெளிவந்த ஒரு சாதாரணப் பொறியாளன். ஆனாலும் திருச்சியில் நான்கு வருடம் தண்ணீர் குடித்த உரிமையில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சமூக அறிவியலைக் கணக்கோடும் அறிவியலோடும் தமிழோடும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் அது மனப்பாடப் பாடமாக இருக்காது. அப்படிச் சொல்லிக் கொடுக்க இந்த ஊரைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பதும் கஷ்டம்.

ஆறு ஏன் பக்கம் மாறியது?

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. காவிரி அங்கே இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-இல் மேலணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். பாடப்புத்தகம் ஒரு வரியில் இதைச் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். மாணவன் '1836, காட்டன்' என்று அடிக்கோடு போட்டுக் கொள்வான். அவ்வளவுதான்.

அங்கே நிறுத்தி, "ஏன் சார் அங்கே கட்டினாங்க?" என்று ஒரு பையன் கேட்கட்டும். பதில் சொல்ல அறிவியல் வாத்தியாரைக் கூப்பிட வேண்டியிருக்கும். காவிரியைவிடக் கொள்ளிடத்தின் சரிவு அதிகம். சரிவு அதிகமானால் நீரின் வேகம் அதிகம். வேகமாக ஓடும் நீர் அடிமணலை அரித்துக்கொண்டு போகும். மெதுவாக ஓடும் நீர் கொண்டு வந்த மணலை அங்கேயே போட்டுவிடும். இதனால் கொள்ளிடம் வருடத்துக்கு வருடம் ஆழமாகிக் கொண்டே போக, காவிரி மேடாகிக் கொண்டே வந்தது. அப்படியே விட்டிருந்தால் தஞ்சை வயல்களுக்குப் போக வேண்டிய தண்ணீர் கொள்ளிடம் வழியாக நேரே கடலுக்குப் போயிருக்கும்.

அடுத்த கேள்வி: "வெள்ளைக்காரனுக்கு நம்ம வயல் மேல என்ன அக்கறை?" இதற்குப் பொருளாதாரம் வேண்டும். தஞ்சை நாடு 1799-இலும் திருச்சிப் பகுதி 1801-இலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தன. நிலவரிதான் கம்பெனியின் பெரிய வருமானம். தண்ணீர் குறைந்தால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் வரி குறையும். ஆக, அணை கட்டியதில் பொறியியலும் இருந்தது, கஜானாக் கணக்கும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற மாணவன் காட்டனைக் கடவுளாகவும் ஆக்க மாட்டான், வில்லனாகவும் ஆக்க மாட்டான்.

கதை அதோடு முடியவும் இல்லை. கொள்ளிடத்தை மறித்ததும் காவிரிப் பக்கம் தண்ணீர் அதிகமாகப் பாய்ந்து அந்த ஆறு அரிக்க ஆரம்பித்தது. அதைக் கட்டுப்படுத்த 1840களில் காவிரியின் தலைப்பிலும் வேலை செய்ய வேண்டி வந்தது. ஆற்றில் ஒரு பக்கம் கை வைத்தால் மறுபக்கம் பதில் சொல்லும் என்பதைக் குழந்தைகளுக்குப் புரிய வைக்க இதைவிட நல்ல உதாரணம் உண்டா? மேலணை கட்டியபோது காட்டனுக்கு வயது 33. நம் பேட்ச்காரர்கள் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்!

கணக்கு வாத்தியாருக்கும் வேலை உண்டு

காவிரி என்றாலே செய்தித்தாளில் 'கன அடி', 'டி.எம்.சி.' என்ற இரண்டு சொற்கள் வந்துவிடும். அவை என்ன என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஆற்றின் அகலம் 100 மீட்டர், ஆழம் 2 மீட்டர், நீரின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் பெருக்கினால் விநாடிக்கு 200 கன மீட்டர். அதாவது ஏறக்குறைய 7,000 கன அடி. ஏழாம் வகுப்புப் பெருக்கல்தான். விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு குடிமையியல் பாடத்துக்கு வருவோம். உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-இல் தந்த தீர்ப்பில் பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தர வேண்டும் என்றது. அந்த எண் இப்போது மாணவனுக்கு வெறும் எண்ணாகத் தெரியாது. எத்தனை நாள் ஓடுகிற தண்ணீர் என்று அவனே வகுத்துப் பார்த்துச் சொல்வான். நாளைக்கு ஓட்டுப் போடப் போகிறவனுக்கு இது தெரிய வேண்டாமா?

ஸ்ரீரங்கம் ராஜகோபுரமும் ஒரு கணக்குதான். நாயக்கர் காலத்துக்கும் முன்பே, விஜயநகர ஆட்சியில் தொடங்கி, பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்று, 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கு கண்டது. 13 நிலைகள், 236 அடி. நான்கு அடி உயரமுள்ள ஒரு மாணவியின் நிழல் மூன்று அடி விழும் நேரத்தில் கோபுரத்தின் நிழல் எவ்வளவு விழும்? 177 அடி. (நிழலைக் கோபுரத்தின் நடுவிலிருந்து கணக்கிட வேண்டும். அடித்தளத்தின் பாதி அகலத்தைச் சேர்க்க மறந்தால் விடை தப்பிவிடும்.) வடிவொத்த முக்கோணம் புரிந்த கையோடு, "இவ்வளவு நாள் ஏன் கட்டி முடிக்கவில்லை?" என்று கேட்டால் வரலாற்று வகுப்பு தானாக ஆரம்பமாகிவிடும்.

தமிழ் ஐயாவும் வரலாறும்

முக்கொம்பிலிருந்து கிழக்கே வந்தால் கல்லணை. கரிகாலன் கட்டியது என்கிறோம். "எப்படித் தெரியும்?" என்று கேட்கக் கற்றுக் கொடுப்பதுதான் வரலாற்றின் முதல் பாடம். இங்கே தமிழ் ஐயா வர வேண்டும். பட்டினப்பாலை கரிகாலனைப் பாடுகிறது. காட்டை அழித்து ஊராக்கியதையும் குளம் வெட்டியதையும் சொல்கிறது. கரிகாலன் காவிரிக்குக் கரை எடுத்ததைப் பல நூற்றாண்டுகளுக்குப் பிந்திய ராஜேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. பாட்டு என்ன சொல்கிறது, செப்பேடு என்ன சொல்கிறது, எது முந்தியது, எது பிந்தியது, நாமாகச் சேர்த்துக் கொண்டது எது என்று மாணவர்களைப் பிரித்து எழுதச் சொல்ல வேண்டும். கரிகாலனின் பெருமை இதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் போனால் கல்வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 1493-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, கோயிலில் இருந்த ஆரோக்கியசாலை புதுப்பிக்கப்பட்டதைச் சொல்கிறது. கோயிலுக்குள் ஆஸ்பத்திரி! உயிரியல் ஆசிரியரும் வரலாற்று ஆசிரியரும் சேர்ந்து நின்று பேச வேண்டிய இடம் அது.

தீவே பொறியானது

புவியியல் இல்லாமல் வரலாறு நொண்டும் என்பதற்கும் நம் ஊரே சாட்சி. கர்நாடகப் போரில் முகமது அலி மலைக்கோட்டை நகருக்குள் இருந்தார். சந்தா சாகிபும் பிரெஞ்சுப் படையும் முற்றுகையிட்டனர். 1752-இல் பிரெஞ்சுத் தளபதி லா, தன் படையை ஸ்ரீரங்கம் தீவுக்குள் கொண்டு போனார். இரு பக்கமும் ஆறு, உள்ளே கோயிலின் பெரிய மதில்கள். பாதுகாப்பான இடம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? ஆனால் கிளைவ் கொள்ளிடத்துக்கு வடக்கே சமயபுரத்தில் போய் உட்கார்ந்து கொண்டார். லாரன்ஸ் தெற்கே நின்றார். உணவு வரும் வழி அடைபட்டது. ஜூன் மாதத்தில் லா சரணடைந்தார். சந்தா சாகிபின் தலை போயிற்று. போர் நடந்த வருடத்தை மட்டும் படித்தவனுக்கு இது ஒரு மார்க். வரைபடத்தை விரித்துப் படித்தவனுக்கு, ஆறு எப்போது அரணாகும், எப்போது பொறியாகும் என்பது வாழ்நாளுக்கும் மறக்காது.

முன்பே செய்து பார்த்தது

பாடங்களை இணைத்துச் சொல்லும் இந்த யோசனை புதியதல்ல. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய மாநாட்டிலிருந்து பிறந்தது ஆதாரக் கல்வி. டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதோடும் குழந்தையின் சுற்றுப்புறத்தோடும் மற்றப் பாடங்களை இணைப்பது அதன் முறை. வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றையும் 'சமூகக் கல்வி' என்று ஒன்றாக்கியதும் அதில் உண்டு. தமிழ்நாட்டில் ஆதாரப் பள்ளிகள் பல ஊர்களில் நடந்தன. 1947-இல் தொடங்கிய காந்திகிராமம் இதற்குப் பெயர் பெற்றது.

பின் ஏன் அது நிலைக்கவில்லை? காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நமக்கு எச்சரிக்கை. இணைப்பு இயல்பாக வராத இடத்திலும் வலிந்து இணைத்தார்கள். ராட்டையில் நூல் நூற்றுக்கொண்டே எல்லாப் பாடத்தையும் சொல்லிவிட முடியுமா? பயிற்சி பெற்ற ஆசிரியரும் போதவில்லை. பரீட்சையோ பழைய முறையிலேயே இருந்தது. ஆதாரப் பள்ளி ஏழைப் பிள்ளைகளுக்கு, இங்கிலீஷ் பள்ளி மற்றவர்களுக்கு என்று பெற்றோர் மனத்தில் ஒரு கோடும் விழுந்துவிட்டது.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு விதி: கேள்வி வரலாற்றுடையதாக இருக்க வேண்டும், கருவியை எந்தப் பாடத்திலிருந்தும் கடன் வாங்கலாம். 'அசோகர் 5 மரம் நட்டார், அக்பர் 7 மரம் நட்டார், மொத்தம் எத்தனை?' என்று கேட்பது இணைப்பு ஆகாது. அது கணக்குக்கு வரலாற்றுச் சட்டை மாட்டுவது. 'காவிரி ஏன் மேடாயிற்று, அதனால் யாருக்கு நஷ்டம், யார் சரி செய்தார்கள், யார் மண் சுமந்தார்கள்?' என்பது உண்மையான கேள்வி. அந்தக் கடைசிக் கேள்வியை விட்டுவிடக் கூடாது. கால்வாய்களையும் ஏரிகளையும் ஊர் கூடிப் பராமரித்த குடிமராமத்து வழக்கத்துக்காக 1858-இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். ஊர் வழக்கம் எப்போது சட்டமாகிறது, அதில் யாருடைய முதுகு வளைகிறது என்பதும் சமூக அறிவியல்தானே?

நமக்கு என்ன வந்தது?

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 உடைந்து அடித்துச் செல்லப்பட்டன. அதே வெள்ளத்தில், சில நாட்களுக்கு முன், 1928-இல் கட்டிய பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களும் சாய்ந்தன. மணல் அள்ளியதுதான் காரணம் என்றார்கள் சிலர். வயதான கட்டுமானம் என்றார்கள் சிலர். வெள்ளத்தின் வேகம் என்றார்கள் சிலர். டீக்கடையில் எல்லோரும் பேசினோம். அந்தப் பேச்சில் கலந்துகொள்ள ஒருவனுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? மேலணை ஏன் வந்தது, மணலுக்கும் அஸ்திவாரத்துக்கும் என்ன உறவு, மதகு உடைந்தால் எந்த ஊர் வயல் காயும், பராமரிக்கும் பொறுப்பு யாருடையது? வரலாறு, அறிவியல், புவியியல், குடிமையியல் நான்கும் வேண்டும். தனித்தனி நோட்டில் எழுதி வைத்ததைச் சேர்த்துப் பார்க்கத் தெரியாத ஊரில், அணை உடைந்த பிறகுதான் அணையைப் பற்றிப் பேசுவார்கள்.

பொறியாளர்களாகிய நமக்கும் இதில் பாடம் இருக்கிறது. எங்கே எவ்வளவு கான்கிரீட் என்று கணக்குப் போடத் தெரியும் நமக்கு. அந்த இடத்தில் முன்னால் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று கேட்கும் பழக்கம் வரலாற்று வகுப்பில்தான் வர வேண்டும். காட்டனே கல்லணையைக் கவனித்துப் படித்தவர். மணலில் நிற்கும் அஸ்திவாரத்தைப் பற்றி அதிலிருந்து கற்றதைப் பின்னாளில் கோதாவரியில் தவளேஸ்வரத்தில் பயன்படுத்தினார்.

ஒரு வேண்டுகோள்

ஆசிரியர்களிடம், "இதையெல்லாம் செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிக் கொள்வது நியாயமில்லை. 45 நிமிட வகுப்பு, முடிக்க வேண்டிய போர்ஷன், தேர்வு, இடையில் நூறு பதிவேடு. அவர்கள் கஷ்டம் அவர்களுக்குத்தான் தெரியும். எல்லாப் பாடத்தையும் இணைக்க வேண்டாம். ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு பாடம் போதும். வரலாற்று ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் ஒரு நாள் ஒரே வகுப்பில் நிற்கட்டும். மைதானத்தில் மணலைக் குவித்து, சரிவு மாறுபட்ட இரண்டு வாய்க்கால் வெட்டி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் முக்கொம்பு கண்முன் வந்துவிடும். செலவு ஒன்றுமில்லை.

நம் சங்கம் திருச்சி, ஸ்ரீரங்கம் அரசுப் பள்ளிகள் இரண்டைத் தேர்ந்தெடுத்து, வருடத்துக்கு ஒருமுறை மாணவர்களை முக்கொம்புக்கும் கல்லணைக்கும் அழைத்துப் போகலாம். அனுமதி வாங்கி, பாதுகாப்பாக, கரையிலிருந்தே பார்க்கலாம். லெவல் கருவியைப் பிடித்துக் காட்ட சிவில் பிரிவு நண்பர்களுக்குச் சொல்லியா தர வேண்டும்? பஸ் செலவை ஒரு பேட்ச் ஏற்றுக் கொண்டால் போதும். சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுமாறு நிர்வாகிகளைப் பணிவோடு கேட்டுக் கொள்கிறேன். முதல் வருட பஸ்ஸுக்கு எங்கள் பேட்ச் தயார்.