சட்டாம்பிள்ளையும் ஒலிபெருக்கியும்

அண்ணாமலையின் அடிவாரத்துப் பள்ளிக்கூடங்களில் காலை மணி அடித்ததும், பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக வரிசையில் நின்று, வாழ்த்துப் பாடி, உறுதிமொழி கூறி, குறள் ஒன்றைப் பொருளுடன் கேட்டபின், தம்முள் ஒருவனோ ஒருத்தியோ ஒலிபெருக்கியின் முன் வந்து அன்றைய செய்திகளை வாசிக்கக் கேட்கும் வழக்கம் ஒரே காலத்தில் உண்டானதன்று. உறுதிமொழி, பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் என்பவர் 1962இல் தெலுங்கில் எழுதியது; மனோன்மணீயம் சுந்தரனாரின் வாழ்த்துப் பாடல் அரசாங்கத்தின் அங்கீகாரம் பெற்றதோ 1970இல்தான். பிள்ளைகளுக்குப் பிள்ளையே முன்னின்று குரல் கொடுக்கும் முறை மட்டும் இவை யாவற்றினும் மிகப் பழையது.

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயருக்கு அடுத்த அதிகாரி சட்டாம்பிள்ளை. வயதிலும் படிப்பிலும் சற்று மூத்த அந்த மாணாக்கன் பாடத்தை உரக்கச் சொல்ல, ஏனையோர் அதனைத் திருப்பிச் சொல்லுவர். வந்தவர் வராதவர் கணக்கும், உபாத்தியாயர் இல்லாத வேளையில் பிரம்பின் மகத்துவமும் அவன் பொறுப்பே. 1789இல் சென்னை எழும்பூர் அநாதைப் பிள்ளைகள் விடுதியின் கண்காணிப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியில் புகுத்தி, மாணாக்கரைக் கொண்டே மாணாக்கருக்குக் கற்பித்து, அந்த அநுபவத்தை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ என்ற பெயரோடு இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணையின் சாமானியப் பழக்கம் சீமையிலே சாஸ்திரமாகிவிட்டது வேடிக்கைதான்.

பின்னர் வந்த யந்திர சாதனங்கள் இந்த அதிகாரத்தை மாணாக்கரிடமிருந்து மெல்ல வாங்கிக்கொண்டன என்பது என் அபிப்பிராயம். 1938 ஜூன் 16ஆம் நாள் சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது. 1975 ஆகஸ்டு 15இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டில் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குக் கல்வி நிகழ்ச்சிகளைக் காட்டிய பெரும் பரிசோதனை தமிழகத்தைத் தொடவில்லை. 2004இல் எஜுசாட் என்னும் கல்விச் செயற்கைக்கோள் விண்ணேறியது; 2019 ஆகஸ்டு 26இல் கல்வித் தொலைக்காட்சி ஆரம்பமாகி, மறு ஆண்டே பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வீட்டுக் கூடத்தையே வகுப்பறை ஆக்கியது. அதன் உபகாரத்தைக் குறைத்துச் சொல்லுதல் நன்றியன்று. ஆயினும் இவை எல்லாவற்றிலும் பேசுவோர் பெரும்பாலும் பெரியோர், பிள்ளைகளுக்கோ கேட்கும் வேலை.

காலைக் கூட்டம் ஒன்றே விதிவிலக்காக நின்றது. இப்போது அதற்கும் குறள், பழமொழி, இரண்டொழுக்கப் பண்புகள், நீதிக்கதை, இன்றைய செய்திகள் என்று வரிசைப்படுத்திய தயாரிப்பு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் முன்னதாகவே வந்துவிடுகிறது. வாசிக்கும் குரல் பிள்ளையுடையதாயினும், வாசகம் எங்கோ பிறர் தொகுத்தது. கன்னியாகுமரியில் வாசிப்பதையே திருவண்ணாமலையிலும் வாசித்தால், கிரிவலப் பாதையின் கூட்டத்தையும், தேர் வீதியின் நெரிசலையும், ஏரியில் நீர் வந்த செய்தியையும் யார் சொல்லுவது? கையடக்கக் கேமரா ஒன்றை ஆசிரியர் இத்தகைய செய்தி சேகரிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கலாம். இப்போதைக்குத் தீபத் திருவிழாவுக்கு ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவித்தால் மட்டும், அதை வாசிக்கும் பிள்ளை தாளைப் பார்க்க வேண்டியிருப்பதில்லை.