கதிர்க்காளானும் புல்லின்மேல் விழுந்த பழியும்

காரணப் பெயர் என்றால் காரணம் மெய்யாக இருத்தல் வேண்டும் என்று எண்ணுகிறோம். மருத்துவ நூலில் அதற்கு மாறான பெயர் ஒன்று உண்டு. ‘ஆக்டினோமைக்கோசிஸ்’ என்பது அது. கிரேக்க மொழியில் ‘ஆக்டிஸ்’ என்பது கதிர். ‘மைக்கீஸ்’ என்பது காளான். ஆனால், இந்நோயை உண்டாக்குவது காளான் அன்று. பாக்டீரியா என்னும் நுண்ணுயிரே.

1877இல் ஜெர்மானிய அறிஞர் போலிங்கர், மாடுகளின் தாடை வீங்கிச் சீழ் வடியும் நோயை ஆராய்ந்தார். சீழிலே சிறு மணிகள் கிடந்தன. தாவரவியலார் ஹார்ஸ் அவற்றை உருப்பெருக்கியில் நோக்கினார். இழைகள் கதிர்போல் விரிந்து நின்றமையால் அப்பெயரை இட்டார். மறு ஆண்டே பெர்லின் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் இஸ்ரேல், மனிதரிடத்தும் அந்நோய் உண்டென்று எழுதினார்.

அவ்வுயிர் எங்கிருந்து வந்தது? மாடு புல்லைத் தின்கிறது. உழவரும் வைக்கோலை வாயிலிட்டுக் கடிப்பதுண்டு. ஆகவே புல்லே குற்றவாளி என்றனர். போஸ்ட்ரோம் என்பார் காற்றில் வளரும் வேறோர் உயிரை வளர்த்தெடுத்து அக்கருத்துக்கு வலுவூட்டினார். ஆனால், 1891இல் வுல்ஃபும் இஸ்ரேலும் வளர்த்துக் காட்டிய உயிரோ, உயிர்வளி மிகுந்த இடத்தில் செழிப்பதில்லை. காற்றாடும் புல்நுனி அதற்கு ஏற்ற வீடாகுமா? இவ்வளவு எளிய வினா எழுந்தும் புல்மேல் விழுந்த பழி நெடுநாள் நீங்கவில்லை என்பது வியப்பே. 1910இல் அமெரிக்க மருத்துவர் லார்டு, நோயற்றவர்களின் சொத்தைப் பற்களிலும் தொண்டைச் சதையிலும் அத்தகைய உயிரைக் கண்டார். 1925இல் சுவீடன் நாட்டு நேஸ்லுண்டும் அதன் இருப்பிடம் மனித வாயே என்று நிறுவினார்.

வாயில் வாளா கிடக்கும் அவ்வுயிர், பல் பிடுங்கிய புண்ணோ தாடை முறிவோ வழிவிட்டால் ஆழத்தே இறங்குகிறது. உடன் புகும் பிற நுண்ணுயிர்கள் அங்குள்ள உயிர்வளியைக் குறைத்து அதற்கு இடஞ்செய்து தருகின்றன. பின்னர், வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில், மரக்கட்டை போன்ற வீக்கம் வளர்கிறது. அது தசை, எலும்பு என்னும் எல்லைகளை மதிப்பதில்லை. உள்ளே புரையோடித் தோலில் துளையிட்டு மஞ்சள் மணிகளை வெளியே தள்ளுகிறது. அவற்றைக் ‘கந்தக மணிகள்’ என்பர். அவற்றிற் கந்தகம் இல்லை! எச்சிலோடு மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரலும், குடல்வால் வெடித்தால் வயிறும் தாக்குறும். பெருங்குடலிலும் இயல்பாகவே அவ்வினம் குடியிருக்கிறது.

இவ்வீக்கத்தைப் புற்றெனக் கருதிக் கத்தி எடுத்தோரும், நுரையீரலிற் கண்டு காசநோய் என்று மயங்கியோரும் உண்டு. பெயரை நம்பிக் காளான்கொல்லி மருந்தைத் தந்தால் பயனில்லை. 1940களில் கைக்கு வந்த பெனிசிலின் இதனை அடக்குகிறது. ஆயினும், தழும்பேறிய திசுவுக்குள் மருந்து எளிதிற் புகாமையால், நோய் முற்றியவர்க்கு அதனை ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை கொடுக்க நேர்கிறது.